ஹெல்சிங்கியில் ரொட்டி, நகரியில் களி

ஓர் ஊருக்குச் செல்வோர் அவ்வூரின் கோபுரத்தையும் கடைவீதியையும் மட்டும் கண்டு திரும்புவராயின், அவ்வூரைப் பாதியே கண்டவராவர். மற்றப் பாதி அவ்வூர் மக்களின் அடுப்பங்கரையில் இருக்கிறது. அயல்நாடுகளில் குடியேறிய நம் குடும்பத்தார் இதனை வெளிநாட்டு நகரங்களில் நன்றாகவே கடைப்பிடிக்கின்றனர். சொந்த ஊருக்குச் செல்லும்போதுதான் மறந்துவிடுகின்றனர்.

பின்லாந்தின் தலைநகராகிய ஹெல்சிங்கியை எடுத்துக்கொள்வோம். துறைமுகத்தை ஒட்டிய சந்தைத் திடலுக்கும், 1889-இல் திறக்கப்பெற்ற பழைய சந்தை மண்டபத்துக்கும் செல்லாத பிரயாணிகள் குறைவு. அங்கே சால்மன் மீன் சூப்புக்குத் துணையாகக் கரிய ரொட்டி ஒன்று தருவார்கள். ‘ரை’ என்னும் தானியத்தின் மாவைப் புளிக்கவைத்துச் சுடுவது அது. அந்நாட்டின் மேற்குப் பகுதியினர் நடுவே துளையிட்ட வட்ட ரொட்டிகளை ஆண்டில் சில முறை மட்டும் சுட்டு, கழியில் கோத்துக் கூரையடியில் தொங்கவிட்டு, மாதக்கணக்கில் வைத்து உண்பது வழக்கம். பஞ்ச காலங்களில் பைன் மரத்து உட்பட்டையையும் மாவுடன் கலந்து உண்டார்கள். 1866 முதல் 1868 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில் லட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இத்தனைத் துயரையும் உடன் கண்ட அந்த ஏழை ரொட்டியைத்தான் 2017-இல் பின்லாந்து மக்கள் வாக்களித்துத் தங்கள் தேசிய உணவாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

அதே சந்தையில் ‘கர்யாலன்பீராக்கா’ என்றொரு பண்டமும் கிடைக்கும். மெல்லிய ரை மாவுத் தகட்டின் நடுவே பாலில் குழைய வேகவைத்த அரிசியை வைத்து, ஓரங்களை மடித்துச் சுட்டிருப்பார்கள். வெண்ணெயில் மசித்த முட்டையை மேலே தடவி உண்பது முறை. இது கரேலியா என்னும் கிழக்குப் பகுதியின் உணவு. போரின் விளைவாக 1944-இல் அப்பகுதியின் பெரும்பாகம் சோவியத் நாட்டின் வசமாயிற்று. நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வீடுவாசல் துறந்து பின்லாந்தின் பிற பகுதிகளில் குடியேறினர். நிலத்தை எடுத்துவர இயலாத அம்மக்கள் சமையலை எடுத்துவந்தனர். இன்று நாடெங்கும் அது கிடைக்கிறது.

இனி நம் பக்கம் திரும்புவோம். சென்னையிலிருந்து திருத்தணி வழியாகத் திருப்பதிக்குச் செல்லும் சாலையில், திருத்தணியைக் கடந்தபின் வருவது நகரி. மலைகள் சூழ்ந்த இவ்வூர் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. விசைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்றது. 1953-இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது இப்பகுதி அதனுள் அடங்கியது. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. நகரி ஆந்திரத்திலேயே நின்றது. எல்லைக்கோடு இடையே விழுந்ததேயன்றி, அடுப்பிலேறும் பானை மாறவில்லை. தமிழர் கேழ்வரகுக் களி என்பதைத் தெலுங்கர் ராகி சங்கடி என்பர்.

களி கிண்டும் முறையைப் பாருங்கள். அரிசி நொய்யை நிறைய நீரில் குழைய வேகவிட்டு, அதன்மேல் கேழ்வரகு மாவைக் கொட்டி மூடிவைப்பார்கள். மாவு வெந்தபின் துடுப்பால் கட்டியின்றிக் கிண்டி, கையை நீரில் நனைத்துக்கொண்டு உருண்டை பிடிப்பார்கள். உருண்டையின் நடுவே குழி செய்து நாட்டுக்கோழிக் குழம்பையோ கீரைக் கடைசலையோ ஊற்றுவார்கள். வேர்க்கடலைச் சட்னியும் இதற்கு ஏற்றது. மென்று தின்பதன்று, தொட்டு விழுங்குவது. மிஞ்சியதை மறுநாள் மோரில் கரைத்து, வெங்காயத்துடன் பருகலாம். அங்கே ரை மாவினுள் அரிசி; இங்கே கேழ்வரகு மாவினுள் அரிசி. இரண்டும் எளிய மக்களின் கைவண்ணமே. கேழ்வரகும் ஆப்பிரிக்க மலைநாடுகளில் தோன்றி, பன்னெடுங்காலத்துக்கு முன் நம் நாட்டில் குடியேறிய தானியமே ஆகும்.

ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. பின்லாந்தினர் தம் கரிய ரொட்டியை விருந்தினர் முன் பெருமையுடன் வைக்கின்றனர். நம்மவரோ, வெளிநாட்டிலிருந்து பேரப்பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் களிப் பானையை மறைத்துவிட்டுப் பிரியாணிக்கும் பரோட்டாவுக்கும் ஆளனுப்புகின்றனர். களி ஏழை உணவு என்ற கூச்சமே காரணம். 1983-இல் ஆந்திர அரசு கிலோ 2 ரூபாய்க்கு அரிசி வழங்கத் தொடங்கியது. அதனால் பலர் பசி தீர்ந்தது, அதனைக் குறைகூறுவதற்கில்லை. ஆனால் வெள்ளைச் சோறு நாள்தோறும் எளிதாகக் கிடைக்கவே, களி மெல்லப் பின்தள்ளப்பட்டது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வளரும் குழந்தைகளுக்கு நாம் மறைத்து வைப்பது இத்தகைய உணவையே.

திருமலைக்குச் செல்வோர் அனைவரும் லட்டு வாங்கி வருகின்றனர். 2009-இல் புவிசார் குறியீடு பெற்ற அப்பிரசாதத்துக்கு விளம்பரம் வேண்டியதில்லை. களிக்கோ நாம்தான் வாய் திறந்து கேட்க வேண்டும். திருப்பதிப் பக்கத்து உணவுச்சாலைகள் சிலவற்றில் ராகி சங்கடி கிடைக்கிறது; ஆயினும் வீட்டுக் களியின் சுவை வேறு. அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும் அன்பர்கள் புறப்படுமுன்பே, “பாட்டி, எங்களுக்குக் களி கிண்டிப் போடுங்கள்” என்று பிள்ளைகளைக் கொண்டே சொல்லச் செய்யுங்கள். அவர் கிண்டும்போது அருகிருந்து மாவுக்கும் நொய்க்கும் உள்ள அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அவ்வளவை அறிந்த கைகள் ஆண்டுக்காண்டு குறைந்துவருகின்றன.