கம்பிக்குள் படம் இல்லை

4கே காட்சி ஒன்று விநாடிக்கு 60 பிரேம் வேகத்தில் ஓடும்போது, கேம் கன்சோலுக்கும் டிவிக்கும் நடுவே கிடக்கும் எச்.டி.எம்.ஐ. கேபிளில் ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் 168 பிக்கோ விநாடி. விநாடியை லட்சம் கோடித் துண்டாக்கினால், அதில் 168 துண்டு. அந்த நேரத்துக்குள் சிக்னல் கம்பியில் மூன்றரை சென்டிமீட்டர்தான் நகர்ந்திருக்கும். ஆக, 2 மீட்டர் கேபிளை எந்தக் கணத்தில் பார்த்தாலும் ஒரு தடத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பிட்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கின்றன. முதல் பிட் டிவியைத் தொடுவதற்குள் பின்னால் ஐம்பது கிளம்பிவிட்டன. இப்படி மூன்று தடங்கள். மொத்தம் விநாடிக்கு 1,782 கோடி பிட்.

இதைச் செய்யும் கேபிள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதே நீளத்தில், அதே வேலைக்கு, பல ஆயிரம் ரூபாய்க் கேபிளும் கிடைக்கிறது. பின்னதை விற்பவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: கறுப்பு இன்னும் ஆழமாகத் தெரியும், நிறம் உயிர்ப்பாக இருக்கும்.

அப்படி நம்புவதற்கு ஒரு நியாயமான காரணம் இருந்தது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகளோடு வந்த பழைய அனலாக் வயரில் மின்னழுத்தம்தான் வெளிச்சம். வழியில் மின்னழுத்தம் கொஞ்சம் குறைந்தால் படம் அந்த அளவுக்கு மங்கும். பக்கத்து மின்வயரின் இரைச்சல் ஏறினால் திரையில் கோடு ஓடும். மொட்டைமாடி ஆன்டெனாவிலிருந்து பட்டை வயர் இழுத்துப் பார்த்த வீடுகளில், ஒரே முகம் நிழலோடு இரண்டாகத் தெரிந்ததைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அன்று நல்ல வயருக்குக் கொடுத்த காசு திரையில் தெரிந்தது.

2002 டிசம்பரில் சோனி, பிலிப்ஸ், தோஷிபா உள்ளிட்ட ஏழு நிறுவனங்கள் சேர்ந்து எச்.டி.எம்.ஐ.யின் முதல் பதிப்பை வெளியிட்டன. அதில் கம்பி வழியே போவது வெளிச்சத்தின் அளவல்ல, எண்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்ற எண்கள் ஒன்றும் பூஜ்யமுமாக வந்துசேர, டிவி அவற்றைக் கொண்டு படத்தைப் புதிதாக வரைகிறது.

எண்களாக இருப்பதால் அவை வழியில் அடிபடுவதில்லை என்று நினைத்துவிட வேண்டாம். கம்பியில் பயணிப்பது கடைசியில் மின்சாரம்தான். அது படும் பாடு சாதாரணமல்ல. கிளம்பும்போது ஒரு கம்பியில் அதன் ஏற்ற இறக்கம் சுமார் அரை வோல்ட். இந்த வேகத்தில் மின்னோட்டம் கம்பியின் உட்பகுதிக்குள் போகாது. செம்பின் மேற்பரப்பில், ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனமுள்ள தோலில் மட்டும் ஓடும். இடம் குறுகக் குறுகத் தடை கூடும். கம்பியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கும் தன் பங்குக்குக் கொஞ்சம் ஆற்றலை உறிஞ்சும். கூர்மையான விளிம்போடு கிளம்பிய துடிப்பு, போய்ச் சேரும்போது மழுங்கி, நீண்டு, தனக்கு முன்னும் பின்னும் உள்ள பிட்களின் மேல் படிந்துவிடும்.

இந்த வியாதி பழையது. 1858இல் அட்லாண்டிக் கடலுக்கடியில் அயர்லாந்துக்கும் நியூஃபவுண்ட்லாந்துக்கும் இடையே போட்ட முதல் தந்திக் கேபிளில், விக்டோரியா மகாராணியின் 98 சொல் வாழ்த்து போய்ச் சேர 16 மணி நேரம் ஆனது. அனுப்பிய துடிப்புகள் ஒன்றோடொன்று கலந்து கரைந்ததே காரணம். பொறுப்பிலிருந்த வைல்ட்மேன் ஒயிட்ஹவுஸ் மின்னழுத்தத்தை 2,000 வோல்ட் அளவுக்கு ஏற்றிப் பார்த்தார். சில வாரங்களில் கேபிள் செத்தே போனது. பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன் வேறு வழியில் யோசித்தார். நீளம் இருமடங்கானால் இந்தச் சிதறல் நான்கு மடங்காகும் என்பதை அவர் முன்பே கணக்கிட்டிருந்தார். மறுமுனையில் மிக மெல்லிய அசைவையும் காட்டும் கண்ணாடிக் கால்வனோமீட்டரை வைத்தார். அனுப்பும் பலத்தைக் கூட்டாமல், வாங்கும் இடத்தின் கூர்மையைக் கூட்டினார்.

எச்.டி.எம்.ஐ. பிழைப்பதும் அந்த வழியில்தான். ஒரு பிட்டை ஒற்றைக் கம்பி சுமப்பதில்லை. முறுக்கிய இரண்டு கம்பிகள் சுமக்கின்றன. ஒன்றில் மின்னழுத்தம் ஏறும்போது மற்றதில் இறங்கும். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஏறத்தாழ ஒரேபோல் ஏறுவதால், ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்ததும் இரைச்சல் காணாமல் போகிறது. வழியில் மழுங்கிப்போன உயர் அதிர்வெண்களை டிவியின் உள்ளே இருக்கும் சுற்று திரும்பத் தூக்கிவிடுகிறது. அதன்பின் அது கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: இரண்டில் எது மேலே? விடை கிடைத்ததும் நைந்துபோன அந்தத் துடிப்பை விட்டுவிட்டு, தானே புத்தம்புதிதாக ஒன்றையோ பூஜ்யத்தையோ எழுதிக்கொள்கிறது. வழியில் பட்ட காயத்தின் தடம் அந்த எண்ணில் கொஞ்சமும் இருப்பதில்லை.

கேபிளைச் சோதிக்கும் பொறியாளர்கள் லட்சக்கணக்கான பிட்களை ஆசிலாஸ்கோப் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்ப்பார்கள். ஏறும் கோடுகளும் இறங்கும் கோடுகளும் சேர்ந்து நடுவில் ஒரு கண் திறந்திருப்பதுபோல் தெரியும். கண் வரைபடம் என்பதே அதன் பெயர். விலை உயர்ந்த கேபிளில் கண் அகலமாகத் திறந்திருக்கலாம், மலிவானதில் பாதி மூடியிருக்கலாம். தேவையான அளவு திறந்திருந்தால் போதும். இரண்டு கேபிளிலும் டிவிக்குக் கிடைப்பது அதே எண்கள், அதே படம்.

கண் மூடிக்கொண்டால் என்ன ஆகும்? எச்.டி.எம்.ஐ. 2.0 வரை, ஒரு நிறத்துக்கான 8 பிட் எண் 10 பிட்டாக மாற்றி அனுப்பப்படுகிறது. மாற்றுவதற்கு இரண்டு முறைகள் உண்டு. எந்த முறை என்று சொல்வது ஒன்பதாவது பிட். இந்த ஒரு பிட்டைத் தவறாகப் படித்தால் எட்டில் ஏழு பிட்கள் தலைகீழாகிவிடும். முழுக் கறுப்பு என்றால் 0. அது 254 ஆகிவிடும், கிட்டத்தட்ட அந்த நிறத்தின் உச்சம். இருட்டுக் காட்சியில் திடீரென்று ஒளிப்புள்ளிகள் பொரிவது இதனால்தான். கேபிள் இன்னும் மோசமானால் ஒலி விட்டுவிட்டு வரும், படம் அறுந்து கறுப்பாகும், கடைசியில் ‘நோ சிக்னல்’. படம் லேசாக மங்குவது மட்டும் நடக்காது. ஒரு கேபிள் கறுப்பை ‘ஆழமாக்க’ வேண்டுமானால், லட்சக்கணக்கான புள்ளிகளில் இருண்டவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து, அவற்றின் எண்களைச் சற்றே குறைத்து அனுப்ப வேண்டும். செம்புக் கம்பிக்கு அந்த அறிவு கிடையாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. 2017இல் வந்த 2.1 பதிப்பில் வேகம் 48 கிகாபிட் வரை போகிறது. கருவியும் டிவியும் படத்தைத் தொடங்கும் முன் எந்த வேகம் தாங்கும் என்று சோதித்துக்கொள்கின்றன. கேபிள் தாங்காவிட்டால் ஒரு படி கீழே இறங்குகின்றன. அப்போது படம் வந்துவிடும், ஆனால் எதிர்பார்த்த பிரேம் வேகமோ நிற ஆழமோ இருக்காமல் போகலாம். டிவியின் தகவல் மெனுவில் இதைப் பார்த்துக்கொள்ளலாம். இங்கும் தேவைப்படுவது ‘அல்ட்ரா ஹை ஸ்பீட்’ சான்று பெற்ற கேபிள்தான். அது விலையுயர்ந்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை. பெட்டியில் ஸ்கேன் செய்து சரிபார்க்கும் முத்திரை இருக்கும். ‘2.1 கேபிள்’ என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அது சான்றாகாது.

தங்க முலாமும் அப்படித்தான். மின்சாரத்தைக் கடத்துவதில் தங்கம் செம்பைவிடப் பின்தங்கியது. அது துருப்பிடிக்காது என்பதால்தான் முனையில் பூசுகிறார்கள். கடலோர ஊர்களின் உப்புக்காற்றில் அது உண்மையான நன்மை. ஆனால் மலிவான கேபிள்களிலேயே அந்தப் பூச்சு வந்துவிடுகிறது.

காசு செலவழிக்க வேண்டிய இடம் நீளம். தாம்சனின் எதிரி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது: 48 கிகாபிட்டுக்கு வெறும் செம்புக் கேபிள் சுமார் 5 மீட்டரைத் தாண்டுவது கடினம். கூரையில் புரொஜெக்டர் தொங்கவிட்டு, சுவர் வழியாக 15 மீட்டர் இழுக்கிறவர்களுக்கு ஒளியிழைக் கேபிள்தான் சரி. அதன் ஒரு முனையில் சின்னஞ்சிறு லேசர்கள் மின்துடிப்பை ஒளியாக்குகின்றன. மறுமுனை அதைத் திரும்ப மின்சாரமாக்குகிறது. விலை அதிகம்தான், கொடுக்கலாம். இதற்குத் திசை உண்டு. கருவி முனை எது, திரை முனை எது என்று முனைகளிலேயே எழுதியிருக்கும். மாற்றிச் செருகினால் படம் வராது. ஆகவே சுவருக்குள் இழுக்கும் முன் கேபிளைத் தரையில் விரித்து, இரண்டு பக்கமும் செருகி, இருட்டுக் காட்சி நிறைந்த 4கே படம் ஒன்றை அரைமணி நேரமாவது ஓடவிடுங்கள். பிறகு பூச்சு வேலைக்காரரிடம் கேபிளை அப்படியே புதைக்கச் சொல்லாமல், முனை நுழையும் அளவுக்கு அகலமான பைப் ஒன்றைப் பதிக்கச் சொல்லுங்கள். 2.2 பதிப்பு 96 கிகாபிட்டோடு 2025இலேயே வந்துவிட்டது. அந்தப் பைப்புக்குள் இன்னொரு கேபிள் போக வேண்டியிருக்கும்.