உங்களுக்குத் தெரியுமா? வேடம் தந்த பெயர்கள்

● நடிகர் திலகத்தின் பெயரில் உள்ள ‘சிவாஜி’ மேடை தந்தது. அறிஞர் அண்ணா எழுதிய ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்’ நாடகத்தில் மராட்டிய மன்னராக நடித்தவர் வி.சி.கணேசன். பார்த்து வியந்த பெரியார் அவரை ‘சிவாஜி’ என்று அழைக்க, அதுவே நிலைத்துவிட்டது. அதே நாடகத்தில் காகபட்டராக வந்தவர் அண்ணாவேதான்!

● கூன் விழுந்த கிழவி ஔவையாராக மேடையேறி ஊர் ஊராக மக்களை உருக வைத்தவர் ஓர் ஆண். டி.கே.எஸ். சகோதரர்களில் ஒருவரான தி.க.சண்முகம். 1912-ல் பிறந்தவர், 1940களில் அந்த வேடம் போட்டபோது இளமை கூடக் கழியவில்லை. ‘ஔவை சண்முகம்’ என்றே அவர் பெயர் மாறிப்போனது. சென்னையின் லாயிட்ஸ் சாலைதான் இன்று ஔவை சண்முகம் சாலை.

● நந்தனாரை வாட்டும் வேதியர் பெரியபுராணத்தில் கிடையாது. 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் கீர்த்தனைக்காகப் படைத்த பாத்திரம் அவர். கதாகாலட்சேபம் கேட்டுக் கேட்டு, வேதியர் இல்லாத நந்தன் கதையை மக்களால் நினைத்துப் பார்க்கவே முடியாமல் போனது.

● கட்டபொம்மன் சினிமாவுக்கு வருமுன்பே கூத்தில் வாழ்ந்தவர். பின்னாளில் சிவாஜியான சிறுவன் கணேசனை அவன் அப்பா ஒருநாள் கட்டபொம்மன் கூத்துக்குக் கூட்டிப் போனார். வெள்ளைக்காரச் சிப்பாய்களாக நிற்கப் பையன்கள் தேவைப்பட, இவனும் ஏறி நின்றுவிட்டான். அப்பாவோ சுதந்திரப் போராட்டக்காரர். மகன் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் நின்றதற்கு வீட்டில் நல்ல திட்டு விழுந்தது. ஆனால் நடிப்பு ஆசை அன்றே பற்றிக்கொண்டது. எதிரிப் படையில் நின்ற அந்தப் பையன்தான், 1957-ல் சேலத்தில் அரங்கேறிய சக்தி டி.கே.கிருஷ்ணசாமியின் நாடகத்தில் கட்டபொம்மனாகவே மீசை முறுக்கினார். 1959-ல் அது படமானது; மறு ஆண்டு கெய்ரோ விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. என்னைக் கேட்டால், விருதைவிடப் பெரிது அவர் பின்னர் செய்த காரியம். 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாற்றில், சொந்தச் செலவில் இடம் வாங்கிச் சிலை வைத்தார்.

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி போகும் வழியில்தான் கயத்தாறு. அந்தப் பக்கம் போனால் வண்டியை நிறுத்திப் பிள்ளைகளுக்கு அந்தச் சிலையைக் காட்டுங்கள். உங்கள் ஊர்த் திருவிழாவில் கூத்து நடந்தால், அவர்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள்.