துருவப் பனியும் வடசென்னைக் கடற்கரையும்: அரசு – பல்கலைக்கழகக் கூட்டாய்வு

முன்னுரை

இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் வடசென்னைக் கடற்கரை, துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும் மீனவக் குப்பங்களும் நெருங்கி அமைந்த பகுதியாகும். இங்கு நிகழும் கடலரிப்புக்குக் காலநிலை மாற்றமே காரணமா, கரையோரக் கட்டுமானங்கள் காரணமா என்பது விடை காணப்பட வேண்டிய வினா. அவ்விடைக்குத் துருவ ஆய்வும் கடலோர ஆய்வும் ஒருங்கே தேவைப்படுகின்றன. இவ்விரு துறைகளிலும் அரசு நிறுவனங்களும் உயர்கல்வி நிறுவனங்களும் இணைந்து செயற்படும் முறையையும், அதில் நிரப்பப்பட வேண்டிய இடைவெளியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

துருவ ஆய்வில் கூட்டு அமைப்பு

இந்தியாவின் முதல் அண்டார்க்டிகப் பயணம் 1981-இல் தொடங்கியது. மைத்ரி (1989), பாரதி (2012) ஆகிய நிலையங்கள் அண்டார்க்டிகாவிலும், ஹிமாத்ரி (2008) ஆர்க்டிக்கின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்திலும் அமைந்தன. இவற்றை நிருவகிப்பது புவி அறிவியல் அமைச்சகத்தின்கீழ் கோவாவில் இயங்கும் தேசியத் துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம். பயணம், தங்குமிடம், கப்பல் ஆகியவற்றை அம்மையம் ஏற்கிறது. பல்கலைக்கழகங்களும் பிற ஆய்வு நிறுவனங்களும் ஆய்வுத் திட்டங்களை முன்வைத்துத் தேர்வு பெற்றுப் பங்கேற்கின்றன. தனியொரு பல்கலைக்கழகத்தின் நிதியால் இயலாத களப்பணி இவ்வாறு இயல்வதாகிறது.

இவ்வமைப்பில் சென்னைக்கும் பங்குண்டு. 1993-இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஒத்துழைப்புடன் உருவான தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் பள்ளிக்கரணையில் இயங்குகிறது. இந்நிறுவனம் வடிவமைத்த இண்டார்க் என்னும் நங்கூரமிட்ட ஆய்வுக்கருவித் தொகுதி, 2014 ஜூலையில் ஸ்வால்பார்டின் கோங்ஸ்ஃபியோர்டன் கடற்கழியில் நிறுவப்பட்டது. வெவ்வேறு ஆழங்களில் நீரின் வெப்பநிலை, உப்புத்தன்மை, நீரோட்டம் முதலியவற்றை அது பதிவு செய்தது. ஆர்க்டிக் கடலுக்குள் அட்லாண்டிக் வெந்நீர் புகும் அளவை அறிய இத்தகைய தொடர்பதிவு இன்றியமையாதது.

துருவத்திற்கும் சென்னைக்கும் உள்ள தொடர்பு

கடலில் மிதக்கும் பனி உருகுவதால் கடல்மட்டம் குறிப்பிடத்தக்க அளவு உயர்வதில்லை. நிலத்தின்மீதுள்ள பனிவிரிப்புகளும் பனியாறுகளும் உருகுவதால் உயர்கிறது. காலநிலை மாற்றத்திற்கான பன்னாட்டு அரசுக் குழுவின் ஆறாம் மதிப்பீட்டு அறிக்கையின்படி, உலகக் கடல்மட்டம் 1901 முதல் 2018 வரை சராசரியாக 20 செ.மீ. உயர்ந்துள்ளது, 2006–2018 காலத்தில் உயர்வு வீதம் ஆண்டுக்கு 3.7 மி.மீ.

இவ்வுயர்வு எல்லாக் கடல்களிலும் ஒரே சீராக அமைவதில்லை. பெரும் பனிவிரிப்பு தன் ஈர்ப்பு விசையால் அருகிலுள்ள கடல்நீரைத் தன்பால் இழுத்து வைத்திருக்கிறது. பனி குறையும்போது ஈர்ப்பும் குறைவதால் அருகிலுள்ள கடல் தாழ, தொலைவிலுள்ள கடல் சராசரியைவிட மிகுதியாக உயர்கிறது. எனவே எப்பனிவிரிப்பு எவ்வளவு கரைகிறது என்பதை அளக்காமல் வங்கக் கடலின் எதிர்கால உயர்வைக் கணிக்க இயலாது.

வடசென்னையில் செயற்படும் இரு காரணிகள்

ஆயினும் வடசென்னையின் அரிப்பு முழுவதையும் துருவப் பனியின்மேல் ஏற்றிக் கூறுவது பிழையாகும். இக்கடற்கரையில் மணலின் நிகர நகர்வு தெற்கிலிருந்து வடக்கு நோக்கியது. 1876-இல் தொடங்கிய சென்னைத் துறைமுகக் கட்டுமானம் அந்நகர்வை மறித்தது. மணல் தெற்கே மெரினாவில் குவிந்தது. வடக்கே இராயபுரம், திருவொற்றியூர் கரைகள் மணல்வரவை இழந்து அரிப்புக்குள்ளாயின. அலைதடுப்புக் கற்சுவர்களும், மக்கள் தூண்டில் வளைவு என வழங்கும் குறுக்கமைப்புகளும் பின்னர் அமைக்கப்பட்டன. இவை ஓரிடத்தில் மணலைத் தேக்கும்போது அதற்கு வடக்கே அரிப்பு இடம்பெயர்வதும் உண்டு. 2001-இல் செயற்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம் மற்றொரு தடையாக அமைந்தது.

தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990–2016 காலத்திற்கு மேற்கொண்ட மதிப்பீட்டில், தமிழகக் கடற்கரையில் 41 விழுக்காடு அரிப்புக்குள்ளானதாகக் கண்டறியப்பட்டது. மணல்வரவு தடைப்படுவதால் கரை மீட்டர் கணக்கில் பின்வாங்குகிறது. கடல்மட்டமோ மில்லிமீட்டர் கணக்கில் உயர்கிறது. ஆனால் கடல்மட்ட உயர்வு இடைவிடாது தொடர்வது. பல பத்தாண்டுகளில் திரண்டு பெருகுவது. புயலலை கற்சுவரைக் கடப்பதும், கொசஸ்தலையாற்றில் உவர்நீர் உள்நோக்கி ஏறுவதும், எண்ணூர் முகத்துவாரம் வழியே வெள்ளநீர் வடிவது தாமதமாவதும் அதனால் மிகும்.

இவ்விரு காரணிகளையும் பிரித்தறிவதில் நடைமுறைப் பயன் உண்டு. அனைத்தையும் காலநிலையின் பொறுப்பாக்கினால், கட்டுமானங்களுக்கு அனுமதி வழங்குவோரின் பொறுப்பு மறைந்துவிடும். கடல்மட்ட உயர்வைப் புறக்கணித்தால், இன்று எழுப்பும் தடுப்புச்சுவரின் உயரம் நாளைக்குப் போதாமற் போகும். இரு பிழைகளின் சுமையும் இறுதியில் கரையோரக் குடியிருப்புகளின்மீதே விழுகிறது.

நிரப்பப்பட வேண்டிய இடைவெளி

கூட்டாய்வுக்கான அடித்தளம் சென்னையிலேயே உள்ளது. அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் நிலைத்த கடலோர மேலாண்மைக்கான தேசிய மையம் இயங்குகிறது. பள்ளிக்கரணையில் புவி அறிவியல் அமைச்சகத்தின் நிறுவனங்கள் உள்ளன. 2024 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற பிருத்வி திட்டம், துருவ ஆய்வையும் பெருங்கடல் ஆய்வையும் ஒரே குடையின்கீழ்க் கொணர்ந்துள்ளது.

நிருவாகத்தில் நேர்ந்த இவ்விணைப்பு ஆய்விலும் நிகழ வேண்டும். துருவத்தில் பெற்ற தரவுகளும் இராயபுரம் – எண்ணூர்க் கரையின் அளவீடுகளும் ஒரே கணிப்பு மாதிரியில் இணைக்கப்படுதல் முதற்பணி. ஆய்வுத் திட்டங்கள் சில ஆண்டுகளில் முடிந்துவிடுகின்றன. கரையின் மாற்றமோ பல பத்தாண்டுகளுக்குரியது. ஆகவே தொடர் அளவீட்டைப் பருவந்தோறும் மேற்கொள்ளும் பொறுப்பை அருகிலுள்ள கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் நிலையான நிதியுடன் வழங்குதல் தக்கது. முகத்துவாரத்தின் மணல்திட்டையும் நீரோட்டத்தையும் நாள்தோறும் காணும் மீனவரின் அறிவும் அதில் முறையாகப் பதிவு பெற வேண்டும்.

முடிவுரை

வடசென்னைக் கரையின் அரிப்புக்கு மணல் மறிப்பு விரைந்து செயற்படும் காரணி. துருவப் பனியிழப்பு உள்ளிட்டவற்றால் நேரும் கடல்மட்ட உயர்வு மெதுவாகச் செயற்படும் காரணி. கூட்டாய்வின் பயனை ஆய்வுப் பயணங்களின் எண்ணிக்கையால் மட்டும் மதிப்பிடுதல் போதாது. எண்ணூரில் எழுப்பப்படும் அடுத்த தடுப்பமைப்பின் இடமும் உயரமும் இவ்விரு காரணிகளையும் கணக்கிட்டு முடிவு செய்யப்படுகின்றனவா என்பதே அதற்குரிய அளவுகோலாகும்.