நிலவை நோக்கியவர்கள்



ஓவியம் ஒன்றையே உயிரெனக் கொண்ட ஒருவனைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புகழ்பெற்ற நாவல் உண்டு. சாமர்செட் மாம் எழுதி 1919-ஆம் ஆண்டில் வெளிவந்த அந்நூலின் பெயர் 'தி மூன் அண்டு சிக்ஸ்பென்ஸ்'. 'நிலவும் ஆறு பென்னி நாணயமும்' என்று அதனைத் தமிழில் சொல்லலாம். மாம் அதற்கு முன் எழுதிய வேறொரு நாவலுக்கு லண்டன் பத்திரிகை ஒன்றில் மதிப்புரை வந்தது. அந்த நாவலின் நாயகன் நிலவுக்கே ஏங்கிக்கொண்டிருந்ததால் காலடியில் கிடந்த நாணயத்தைக் காணாது போனான் என்ற கருத்து அதில் இருந்தது. அந்தச் சொற்களே பின்னர் இந்நூலுக்குப் பெயராயின.

கதை இதுதான். சார்லஸ் ஸ்டிரிக்லண்டு என்பவன் லண்டனில் பங்குத் தரகன். மனைவியும் இரு மக்களும் உடையவன். நாற்பது வயதளவில், ஒருநாள் சொல்லாமற் கொள்ளாமல் குடும்பத்தைத் துறந்து பாரிஸ் நகருக்குப் போய்விடுகிறான். வேறொரு பெண்ணை நாடிப் போனான் என்று உற்றார் எண்ணுகின்றனர். அவன் போனதோ படம் வரைய. அங்கே பட்டினி கிடக்கிறான். படங்களை விற்கவும் விரும்பவில்லை. நோயுற்றுக் கிடந்தவனைத் தன் வீட்டிற்கே கொணர்ந்து காப்பாற்றுகிறான் ஸ்டிரூவ் என்னும் நல்லுள்ளம் படைத்த ஓவியன். அந்த உபகாரிக்குக் கிடைத்த கைம்மாறு என்ன? அவன் மனைவி ஸ்டிரிக்லண்டுடன் சென்றுவிடுகிறாள். பின்னர் அவனால் கைவிடப்பட்டு நஞ்சுண்டு மாய்கிறாள். இறுதியில் ஸ்டிரிக்லண்டு பசிபிக் கடலிலுள்ள தஹீத்தி தீவை அடைகிறான். தொழுநோய் பற்றிக் கண்ணொளியும் மங்கிவரும் நிலையில், குடிசைச் சுவர்கள் முழுவதிலும் தன் தலைசிறந்த ஓவியத்தைத் தீட்டுகிறான். தான் இறந்தபின் அக்குடிசையை எரித்துவிட வேண்டும் என்பது அவன் கட்டளை. அவ்வாறே அது எரிக்கப்படுகிறது.

இந்நாவலை முதன்முறை படித்தபோது நான் இளம் ஆசிரியன். அந்தக் குடிசை எரியும் பகுதியில் மெய்சிலிர்த்தேன். ஆனால் மறுமுறை படித்தபோது என் மனம் ஸ்டிரூவின் மனைவியிடத்தே நின்றுவிட்டது. ஒருவனுடைய மேதைமைக்குரிய விலையை மற்றவர்கள் ஏன் செலுத்த வேண்டும்? கலைஞன் என்றால் கல்நெஞ்சன் என்பது விதியா?

இக்கதைக்கு மாம் முன்மாதிரியாகக் கொண்டவர் பால் கோகேன் என்ற பிரெஞ்சு ஓவியர். 1848-இல் பிறந்த அவரும் பங்குத் தரகுத் தொழிலில் இருந்தவரே. ஐந்து மக்களின் தந்தை. 1891-இல் தஹீத்திக்குக் கப்பலேறி, 1903-இல் மார்க்கேசஸ் தீவுகளில் மறைந்தவர். ஆயினும் உண்மை வரலாறு கதையினும் வேறானது. கோகேன் ஒரே நாளில் ஓவியராகிவிடவில்லை. அலுவல் பார்த்துக்கொண்டே ஓய்வு நாட்களில் வரைந்தார். பிஸாரோ என்ற மூத்த ஓவியரிடம் பயின்றார். 1882-இல் பங்குச் சந்தை வீழ்ந்து தொழில் நிலைகுலைந்த பிறகே ஓவியத்தை முழுநேரப் பணியாக்கிக்கொண்டார். நாவலின் நாயகனும், மனைவி அறியாமல், ஓராண்டு இரவு வகுப்பில் பயின்றதாக மாம் எழுதியிருக்கிறார். குடும்பத்தைத் துறந்ததை நினைவில் வைக்கும் வாசகர்கள், இந்த இரவு வகுப்பை மறந்துவிடுகிறார்கள்.

இங்கே என் வாழ்வில் நிகழ்ந்த பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஓசூரையடுத்த பள்ளியொன்றில் பணியாற்றிய காலம். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், வகுப்பில் தமிழ் என வளரும் பிள்ளைகள் நிறைந்த ஊர் அது. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் ஓயாது படம் வரைவான். சந்தை மாடுகளும், ஷிப்டு முடிந்து தொழிற்சாலை வாயிலில் வெளிவரும் கூட்டமும் அதில் இருந்தன. 'படம் சோறு போடாது' என்று கூறி, வகுப்பறையிலேயே அந்த நோட்டைக் கிழித்தெறிந்தேன். அவன் ஐ.டி.ஐ.யில் பயின்று சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான் என்று கேள்வியுற்று, நல்லதே செய்தோம் என மகிழ்ந்தும் இருந்தேன்.

பல ஆண்டுகளுக்குப் பின், ஓசூர்ப் பேருந்து நிலையத்தில் அவனைச் சந்தித்தேன். விடுமுறை நாள். பெங்களூருக்குப் படம் பார்க்கப் போவதாகச் சொன்னான். சினிமா என்று நினைத்தேன். "இல்லை சார், ஓவியம். நீங்களும் வாருங்கள்" என்றான். அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து நாற்பது கிலோமீட்டர் பயணம். கஸ்தூரிபா சாலையில், அரசு அருங்காட்சியகத்தை அடுத்துள்ள வெங்கடப்பா கலைக்கூடத்திற்கு என்னை அழைத்துச் சென்றான்.

கே. வெங்கடப்பா மைசூரில் பரம்பரை ஓவியர் குடும்பத்தில் பிறந்தவர். மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் கல்கத்தா அரசு ஓவியப் பள்ளிக்குச் சென்று அவனீந்திரநாத தாகூரிடம் பயின்றார். நந்தலால் போஸ் அவருடைய உடன்மாணாக்கர். பயிற்சி முடித்துத் திரும்பியவர் துறவி போல் தனித்து வாழ்ந்தார். மணம் செய்துகொள்ளவில்லை. வீணை சேஷண்ணரிடம் வீணை கற்றார். அந்த ஈடுபாட்டையும் 'வீணைப் பித்து' என்னும் பொருளில் ஓர் ஓவியமாக்கினார். நம் உதகமண்டலத்திலும் கொடைக்கானலிலும் தங்கி மலையையும் மூடுபனியையும் நீர்வண்ணத்தில் தீட்டினார். 1965-இல் மறையும்வரை கலையே அவர் துணை.

அந்த நீலமலைக் காட்சிகளின்முன் நெடுநேரம் நின்றோம். சிறிய தாள்கள்தாம், ஆயினும் ஒரு மேகத்தின் விளிம்புக்கு எத்தனை பொறுமை! ஸ்டிரிக்லண்டைப் பிடித்தாட்டிய அதே பித்து இவரிடத்தும் இருந்தது. ஆனால் அப்பித்துக்காக இவர் இழந்தவை பெரும்பாலும் தமக்குரியவை. இன்னொருவர் வீட்டு விளக்கை அணைத்து இவர் தம் விளக்கை ஏற்றவில்லை.

திரும்பும் வழியில் அவனிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்: "இப்போதும் வரைகிறாயா?"

"இரவு ஷிப்டு இல்லாத நாட்களில் வரைகிறேன் சார். வீட்டில் ஒன்றும் சொல்வதில்லை. அந்தப் பழைய நோட்டு மட்டும் இருந்திருக்கலாம்."

அவன் குரலில் சினமில்லை. அதுவே எனக்குப் பெருந்தண்டனையாயிற்று. மன்னிப்புக் கேட்டேன், அவன் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

மாணவச் செல்வங்களே! நாவலைப் படியுங்கள், அதன் வேகத்தில் மயங்குங்கள். மயக்கம் தெளிந்தபின் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த மனிதன் எத்தனை இரவுகள் பயின்றான்? இவனுடைய நிலவுக்காக யாருடைய நாணயம் செலவாயிற்று? உங்களுக்கென ஒரு நிலவு இருக்குமாயின், அதற்குரிய நாணயத்தை உங்கள் கையிலிருந்தே கொடுங்கள்.

என் போன்ற ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு சொல். கணக்கு நோட்டின் பின்பக்கத்தை ஒருமுறை நிதானமாகத் திருப்பிப் பாருங்கள். கிழித்த தாளை மீண்டும் ஒட்ட என்னால் இன்றுவரை இயலவில்லை.