முட்டை சுமக்கும் சிவப்பு இறால்!

கண்ணாடித் தொட்டியின் மூலையில் ஒரு சிவப்பு இறால் நிற்கிறது. நீளம் ஓர் அங்குலம்தான். குழம்புக்கு உதவாது! ஆனால் அதன் வாலடியில் 20, 30 முட்டைகள் கொத்தாகத் தெரிகின்றன.

இதன் பெயர் செர்ரி இறால். சீனா, தைவான் ஓடைகளில் வாழும் இனம். அங்கே அதன் நிறம் மங்கிய பழுப்பு. சிவந்தவற்றையே பொறுக்கிப் பொறுக்கி வளர்த்ததால் வந்தது இந்தச் சிவப்பு.

ஓயாத வேலை

தாய் முட்டைகளைச் சுமந்தபடியே திரிகிறது. வயிற்றடிக் கால்களால் அவற்றுக்கு ஓயாமல் விசிறுகிறது. மூன்று, நான்கு வாரம் இதே வேலை! பிறகு எள்ளளவுக் குஞ்சுகள் வெளிவருகின்றன. உருவம் அப்படியே தாய்தான்.

குஞ்சுக்கு எமன்

தொட்டி நீரைச் சுத்தம் செய்யும் எந்திரமே குஞ்சுகளுக்கு எமன். அதன் வாய் குஞ்சுகளை உறிஞ்சி இழுத்துவிடும். வாயில் ஒரு ஸ்பாஞ்சை மாட்டினால் பிழைக்கும். அதில் படியும் அழுக்கையும் பாசியையும் குஞ்சுகள் மேயும்.

செம்பும் ஆகாது. மீன் நோய்க்கு ஊற்றும் மருந்து சிலவற்றில் செம்பு உண்டு. மீன் பிழைக்கும், இறால் கூட்டமே செத்துவிடும்.

சில நாள் தொட்டியில் வெளுத்த கூடு ஒன்று கிடக்கும். செத்த இறால் என்று பதற வேண்டாம். வளரும் இறால் கழற்றிப் போட்ட சட்டை அது. எடுத்து எறியாதீர்கள். இறால்களே அதைத் தின்றுவிடும்.