வெப்பமான வானிலையில் நெடுந்தொலைவு டிரையத்லான்: அறிய வேண்டியவை

நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றையும் தொடர்ச்சியாக முடிக்கும் போட்டியே டிரையத்லான். இதன் முழுத் தொலைவு 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. மிதிவண்டி, 42.2 கி.மீ. ஓட்டம். ஹவாய்த் தீவின் கோனாவில், எரிமலைக்குழம்பு உறைந்த கரும்பாறை வெளியின் வழியே நடைபெறும் போட்டி இவ்வகையில் புகழ்பெற்றது. நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டு கோவாவில் இதன் பாதித் தொலைவுப் போட்டி நடத்தப்பட்டது. இரண்டும் கடலோர இடங்கள். வெப்பத்தோடு ஈரப்பதமும் மிகுந்தவை.

உடலில் நிகழ்வது என்ன?

தசைகள் செலவிடும் ஆற்றலில் சுமார் முக்கால் பங்கு வெப்பமாகவே வெளிப்படுகிறது. வெப்பமான வானிலையில், வியர்வை ஆவியாவதன் மூலமே இவ்வெப்பத்தின் பெரும்பகுதி உடலை விட்டு நீங்கும். காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடும், உடல் குளிராது.

மிதிவண்டியில் செல்கையில் எதிர்க்காற்று வியர்வையை உலர்த்திவிடுவதால், எவ்வளவு நீரை இழந்தீர்கள் என்பதை நீங்கள் உணர்வதில்லை. ஓட்டம் தொடங்கும்போது அந்தக் காற்றும் குறைகிறது, வெயிலோ ஏறியிருக்கும். ஆகவே ஓட்டப் பகுதியிலேயே கூடுதல் கவனம் தேவை.

போட்டிக்கு முன்

• வெப்பத்திற்கு உடல் பழகுவதற்கு 10 முதல் 14 நாட்கள் வேண்டும். இந்நாட்களில் வெயிலில் செய்யும் பயிற்சியைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.
• பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்து, நீரிழப்பின் அளவை அறிந்துகொள்ளுங்கள்.
• காய்ச்சல் அல்லது வயிற்றுப்போக்கு இருப்பின் போட்டியில் பங்கேற்காதீர்கள்.
• இதயநோய், சிறுநீரக நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரின் ஆலோசனை பெறுவது அவசியம்.

போட்டியின்போது

வெப்பத்தைக் கட்டுப்படுத்த உங்கள் கையில் உள்ள முதன்மையான வழி வேகத்தைக் குறைப்பதே. எவ்வளவு நீர் அருந்தினாலும், அளவுக்கு மீறிய வேகத்தால் உண்டாகும் வெப்பத்தை அது ஈடுசெய்யாது.

தாகத்திற்கு ஏற்ப அருந்துங்கள். தேவைக்கு மேல் நீர் அருந்தினால் இரத்தத்தில் சோடியம் குறைந்து, குமட்டல், தலைவலி, குழப்பம், வலிப்பு ஆகியவை ஏற்படலாம். இது உயிருக்கும் ஆபத்தானது. தொடக்கத்தில் இருந்ததைவிட முடிவில் எடை கூடியிருந்தால், அது மிகையாக நீர் அருந்தியதன் அடையாளம். தலை, கழுத்து ஆகிய இடங்களில் குளிர்நீர் ஊற்றிக்கொள்ளலாம். இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளைத் தவிருங்கள். நீரிழப்பின்போது அவை சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும்.

வெப்பத்தாக்கு: கண்டறிதலும் முதலுதவியும்

உடலின் உள்வெப்பநிலை 40 டிகிரி செல்சியசைக் கடந்து, மூளையின் செயல்பாடும் தடுமாறும் நிலையே ‘ஹீட் ஸ்ட்ரோக்’ எனப்படும் வெப்பத்தாக்கு. தள்ளாட்டம், பொருந்தாப் பேச்சு, காரணமற்ற கோபம், மயக்கம் ஆகியவை இதன் அறிகுறிகள். வியர்வை நின்றிருக்க வேண்டும் என்பதில்லை. உடல் வியர்த்தபடியே இருக்கலாம். அக்குளில் வைக்கும் வெப்பமானி உண்மை நிலையைக் காட்டாது. அதில் அளவு குறைவாக இருப்பதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

பாதிக்கப்பட்டவர் “எனக்கு ஒன்றுமில்லை, ஓடுவேன்” என்று கூறலாம். தம் நிலையைத் தாமே மதிப்பிட அவரால் அப்போது இயலாது. முடிவை நீங்கள் எடுக்க வேண்டும்.

• மருத்துவக் குழுவை அழையுங்கள். 108 எண்ணுக்கும் தெரிவியுங்கள்.
• உடனே குளிர்விக்கத் தொடங்குங்கள். பனிக்கட்டி கலந்த நீர்த்தொட்டியில் கழுத்தளவு அமர்த்தி, தலை நீருக்கு மேல் இருக்கும்படி ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.
• தொட்டி இல்லையெனில் உடல் முழுவதும் நீர் ஊற்றி, பனிநீரில் நனைத்த துண்டுகளை மாற்றி மாற்றிப் போர்த்தி, விசிறுங்கள்.
• குழப்பத்திலோ மயக்கத்திலோ இருப்பவருக்கு வாய்வழியாக எதுவும் தராதீர்கள்.
• பாராசிட்டமால் இவ்வெப்பத்தைக் குறைக்காது.

முதல் 30 நிமிடங்களுக்குள் உடல் குளிர்ந்தால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். எனவே, மருத்துவக் குழுவும் தொட்டியும் அங்கேயே இருப்பின், முதலில் குளிர்வித்தல். பிறகே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதல்.

போட்டிக்குப் பின்

அடுத்த இரண்டு நாட்களில் சிறுநீர் அடர்பழுப்பு நிறமாக மாறினாலோ, அளவு மிகக் குறைந்தாலோ, தசைவலியும் வீக்கமும் கடுமையானாலோ தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சிதைந்த தசைகளிலிருந்து வெளியாகும் பொருட்கள் சிறுநீரகத்தைப் பாதிப்பதன் அறிகுறியாக அது இருக்கலாம். வெப்பத்தாக்குக்கு உள்ளானவர்கள் மருத்துவர் அனுமதித்த பின்னரே மீண்டும் பயிற்சியைத் தொடங்க வேண்டும்.