கணினி திடீரென அணைவது ஏன்? அணையும் விதமே காரணத்தைக் காட்டும்

பலமனேர்: விண்ணப்பத்தைப் பாதி நிரப்பியிருக்கும்போது எவ்வித எச்சரிக்கையுமின்றி மேசைக் கணினியின் திரை இருண்டுவிடுகிறது. மீண்டும் இயக்கினால் ஒன்றுமே நடவாததுபோல் வேலை செய்கிறது. ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில் உள்ள பலமனேர் போன்ற ஊர்களில், சான்றிதழ்களுக்கும் தேர்வு விண்ணப்பங்களுக்கும் 'மீ சேவா' மையங்களையும் சிறிய இணையக் கடைகளையும் நம்பியிருப்போர் பலர். கடைசி நாளில் கணினி அணைந்தால் அவர்களுக்கு விண்ணப்பமே கைநழுவக்கூடும்.

பழுதைக் கண்டறிய உதிரிபாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது செலவு மிகுந்த வழி. கணினி எப்போது, எவ்வாறு அணைகிறது என்பதை இரண்டு நாள் குறித்துவைத்தாலே காரணம் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

முறைப்படி மூடுவதற்கான அறிவிப்பு திரையில் தோன்றிய பின் அணைந்தால், சிக்கல் மென்பொருளில் இருக்கவே வாய்ப்பு அதிகம். காலாவதியான விண்டோஸ் சோதனைப் பதிப்பு மணிக்கு ஒருமுறை தானாகவே அணையும். அதற்காகப் புதிய மதர்போர்டு வாங்குவது வீண் செலவே.

வெப்பம்

இயக்கிய 15, 20 நிமிடங்களில் அணைந்து, உடனே மீண்டும் இயக்கினால் முன்னதைவிட விரைவில் அணைகிறது என்றால் வெப்பத்தைச் சந்தேகிக்க வேண்டும். பலமனேர் கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கும் மேல் உயரத்தில் இருப்பதால், சமவெளியில் உள்ள திருப்பதி அளவுக்கு இங்கு வெயில் வாட்டுவதில்லை. எனினும் கணினிக்குள் நிலவும் வெப்பத்தைத் தீர்மானிப்பது ஊரின் வெயில் மட்டுமன்று, விசிறியில் படிந்த தூசியும் உலர்ந்துபோன வெப்பப் பசையும்தான். பல செயலிகளின் வெப்ப வரம்பு சுமார் 100 டிகிரி செல்சியஸ். அதை நெருங்கும்போது செயலி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு தணியாவிட்டால் மின்சாரம் துண்டிக்கப்படும்.

இவ்வாறு அணைவது உண்மையில் ஒரு பாதுகாப்பு. 2001-ஆம் ஆண்டு 'டாம்ஸ் ஹார்டுவேர்' இணையதளம் இயங்கிக்கொண்டிருக்கும் செயலிகளின் குளிர்விப்பானை அகற்றிச் சோதித்தபோது, இன்டெலின் பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துத் தப்பியது, ஏ.எம்.டி.யின் அத்லான் நொடிகளில் கருகியது. அத்தகைய பாதுகாப்பு இன்றைய செயலிகளில் வழக்கமாகிவிட்டது.

வெப்பநிலையைப் 'பயாஸ்' திரையிலேயே காணலாம். தூசியை ஊதி அகற்றும்போது விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்வது நல்லது.

மின்சாரம்

தண்ணீர் மோட்டாரோ கிரைண்டரோ இயங்கத் தொடங்கும் நொடியில், விளக்குகள் மங்கும்போதே கணினியும் அணைந்தால், குற்றம் கணினியினுடையதன்று. நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஒரு சுழற்சிக்கு 20 மில்லிநொடி. மின்சாரம் அறவே நின்றால், கணினியின் எஸ்.எம்.பி.எஸ். முழுச் சுமையில் தாக்குப்பிடிப்பது ஏறத்தாழ அவ்வளவு நேரம் மட்டுமே. கண் சிமிட்டும் நேரத்துக்கும் குறைவான தடை கூடப் போதும்.

இதற்கு ஸ்டெபிலைசர் வாங்குவோர் உண்டு. ஆனால் அது மின்னழுத்தத்தைச் சீராக்குமே தவிர, தடையை நிரப்பாது. தேவைப்படுவது யு.பி.எஸ். அது ஏற்கெனவே இருந்தும் மின்சாரம் போனவுடன் கணினி அணைந்தால், அதன் பேட்டரி முடிந்துவிட்டது எனக் கொள்ளலாம். பொதுவாக மூன்று ஆண்டுகளில் அது மாற்றத்துக்கு வந்துவிடும். வீட்டு இன்வெர்ட்டரில் கணினியை இணைத்திருப்போர், அதன் பின்புறம் 'யு.பி.எஸ். மோட்' பொத்தான் உள்ளதா எனப் பார்ப்பது அவசியம். சாதாரண நிலையில் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாற எடுத்துக்கொள்ளும் நேரம் மின்விசிறிக்குப் போதும், கணினிக்குப் போதாது.

தெரு முழுவதும் மின்னழுத்தம் தாழ்ந்தால், 1912 என்ற எண்ணில் மின் பகிர்மான நிறுவனத்திடம் புகார் செய்யலாம்.

எஸ்.எம்.பி.எஸ்.

மின்சாரமும் சீர், சூடும் இல்லை, ஆயினும் கணினி நேரங்காலமின்றி அணைகிறது என்றால் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியையோ மதர்போர்டின் மின்தேக்கிகளையோ சோதிக்க வேண்டும். மேற்புறம் உப்பியோ கசிந்தோ இருக்கும் மின்தேக்கி கெட்டுவிட்டதன் அடையாளம். 2000-களின் தொடக்கத்தில் இத்தகைய தரமற்ற மின்தேக்கிகள் உலகெங்கும் கணினிகளை முடக்கின. டெல் நிறுவனம் தன் 'ஆப்டிபிளெக்ஸ்' கணினிகளைச் சரிசெய்ய 2005-இல் 30 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது.

விண்டோஸின் 'ஈவென்ட் வியூவர்' பதிவில் 'கெர்னல்-பவர் 41' என்ற குறிப்பைக் கண்டு பலர் அதையே நோய் என எண்ணிவிடுகின்றனர். கணினி முறையாக மூடப்படவில்லை என்பதை மட்டுமே அது சொல்லும். ஏன் என்பதைச் சொல்லாது. அதில் பதிவாகும் நேரமும் கணினி அணைந்த நேரமன்று, மீண்டும் இயக்கப்பட்ட நேரமே. கணினி அணைந்த நேரத்தைக் குறித்துவைத்து, அப்போது மின்சாரம் தடைப்பட்டதா, மோட்டார் ஓடியதா என ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தொழில்நுட்பர் அல்லாதோர் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்கவே கூடாது. இணைப்பைப் பிடுங்கிய பின்னரும் அதன் மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் சிறிது நேரம் தங்கியிருக்கக்கூடும். அதைக் கழற்றி அப்படியே வேறொன்றைப் பொருத்திப் பார்ப்பதே கடைக்காரர்களும் பின்பற்றும் முறை.